தொப்பூர் கணவாயில் எடுத்த படங்கள்: அழிக்கச் சொல்வதா, கேட்டு வாங்குவதா?

(வழக்கறிஞர் பதில். கடிதம் எழுதியவரின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

நல்லம்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 38 வயது. சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்துக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு மாதத்துக்கு முன்னால், விடியற்காலையில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வந்த கன்டெய்னர் லாரி மோதி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். போலீஸ் வருவதற்கு முன்பே யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அவருடைய ஓட்டுநர் உரிமத்தையும் படம் பிடித்து, "தெரிந்தவர்கள் தகவல் சொல்லவும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குச் செய்தி வந்ததே அதைப் பார்த்த ஒரு மண்டிக்காரர் கொழுந்தனாருக்குப் போன் செய்ததால்தான். ஆனால் அதற்குப் பிறகு வேறு படங்கள் சுற்ற ஆரம்பித்தன. உடல் தெரிகிற படங்கள். "குடிபோதையில் ஓட்டியதால் கோர விபத்து" என்று மேலே எழுதி ஒரு முகநூல் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள். ஏழாவது படிக்கிற மகன் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பையனின் போனில் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் பேசவில்லையாம்.

கேட்டிருப்பவை இவை. படம் எடுத்தவர்களையும் பரப்பியவர்களையும் உள்ளே தள்ள முடியுமா? எல்லாப் படத்தையும் அழிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார் கொழுந்தனார், கொடுக்கலாமா? எஃப்.ஐ.ஆரில் "விபத்து" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அப்படியென்றால் யார்மேலும் தப்பில்லையா என்று மாமியார் கேட்கிறார். இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து வந்தவர் ஒரு படத்தைக் காட்டி, "உங்க வீட்டுக்காரர் வண்டி வலது பக்கம் போய் நிக்குது பாருங்க, அவர் மேலயும் தப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அது உண்மையா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கோபமும் இருக்கிறது, குழப்பமும் இருக்கிறது. இரண்டுமே நியாயம். முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படத்தையும் அழிக்கச் சொல்லும் மனுவைக் கொழுந்தனார் இன்னும் கொடுக்கவில்லை என்றால், கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் ஊரெல்லாம் சுற்றுவதைத் தடுப்பது வேறு, படமே இல்லாமல் செய்வது வேறு. முதலாவதை நீங்கள் கேட்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டால், கோர்ட்டில் உங்கள் கணவருக்காகப் பேசக்கூடிய சாட்சிகளில் ஒன்றை நீங்களே இழந்துவிடுவீர்கள்.

இன்சூரன்ஸ்காரர் காட்டிய அந்தப் படம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விபத்துப் படம் எதுவாக இருந்தாலும், வண்டிகள் கடைசியாக வந்து நின்ற இடத்தைத்தான் அது காட்டும். மோதிய இடத்தை அது அப்படியே காட்டிவிடாது. டன் கணக்கில் சரக்கோடு இறக்கத்தில் வருகிற கன்டெய்னர், ஒரு குட்டி யானையின் பின்பக்கத்தில் இடித்தால் அந்தச் சின்ன வண்டி சுற்றிக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய் நிற்கும். வலது பக்கம் நிற்பதை வைத்து வலது பக்கம் ஓட்டினார் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் போதுமான இடைவெளி விட்டு ஓட்ட வேண்டியது பின்னால் வருகிறவரின் கடமை, 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் அதைத்தான் சொல்கின்றன.

அதே படத்தை நீங்கள் பார்க்க வேண்டாம், கொழுந்தனாரை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்கதவு எந்தப் பக்கம் அதிகம் உள்ளே நசுங்கியிருக்கிறது, லாரியின் முன்பக்கம் எந்த மூலை அடிபட்டிருக்கிறது, ரோட்டில் தாரைக் கீறின தடம் எங்கே ஆரம்பிக்கிறது, கண்ணாடித் தூளும் தக்காளிப் பெட்டிகளும் எந்த இடத்திலிருந்து சிதற ஆரம்பித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மோதிய இடம் பெரும்பாலும் சிதறல் தொடங்குகிற இடத்தை ஒட்டித்தான் இருக்கும். அது இடது தடத்தில் இருக்கிறது என்றால் இன்சூரன்ஸ்காரர் சொன்ன கதை அங்கேயே நின்றுவிடும். லாரியின் டயர் தடம் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் தடம் இல்லை என்பதால் மட்டும் பிரேக் அடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, இப்போதைய வண்டிகளில் பூட்டிக்கொள்ளாத பிரேக் இருப்பதால் பளிச்சென்ற தடம் விழாமலும் இருக்கும்.

லாரி தரப்பில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்வார்கள். தொப்பூர் இறக்கத்தைத் தெரிந்த யாருக்கும் இது புதிதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்குவது, இன்ஜின் பிடிப்பு இல்லாததால் பிரேக்கையே மிதித்து மிதித்து டிரம் சூடேறுவது, கடைசியில் பிடிக்காமல் போவது. சட்டத்தில் இதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. எவ்வளவு கவனமாகப் பராமரித்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு என்று நிரூபிக்க வேண்டிய சுமை வண்டி உரிமையாளர் மேல்தான். வெறுமனே பிரேக் போச்சு என்று சொன்னால் போதாது. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்துக் கொடுத்த அறிக்கையில் பிரேக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று. 2024 ஜனவரியில் இதே கணவாயில் 4 பேர் இறந்த விபத்தின் சிசிடிவி காட்சி நாடு முழுக்கச் சுற்றியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். மோதுவதற்கு முந்தைய நொடிகள் வீடியோவில்தான் கிடைக்கும், போட்டோவில் கிடைக்காது. கணவாயில் கேமரா இருக்கிறது, டோல்கேட்டிலும் இருக்கிறது. ஆனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே போகும், இரண்டு மாதம் ஏற்கனவே போய்விட்டது. அந்த நாளின் பதிவைக் கைப்பற்றி வைத்திருக்கிறீர்களா என்று விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் கேட்டு, நகலுக்கு ரசீது வாங்குங்கள். நாளைக்கே செய்ய வேண்டிய வேலை இது.

"விபத்து" என்று எழுதினால் யார்மேலும் தப்பில்லையா?

மாமியாருக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் அந்த வார்த்தை என்ன வகை வழக்கு என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ரோட்டில் நடந்த எதையும் அப்படித்தான் எழுதுவார்கள். தப்பு யார்மேல் என்பது அந்த வார்த்தையில் இல்லை, பிரிவு எண்ணில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். முதலாவது அஜாக்கிரதையாக, கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியது. இரண்டாவது அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தது, அதற்கு 5 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. பழைய சட்டத்தில் அது 2 வருடமாக இருந்தது. இந்த இரண்டும் லாரி டிரைவர் பெயரில் இருந்தால், போலீஸின் முதல் பார்வையிலேயே தப்பு அந்தப் பக்கம் என்று அர்த்தம்.

இதே சன்ஹிதாவில் 18-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. சட்டப்படியான வேலையை, சட்டப்படியான முறையில், போதிய கவனத்தோடு செய்யும்போது கெட்ட எண்ணம் இல்லாமல் தற்செயலாக நடந்தது குற்றமாகாது என்கிறது. மாமியார் பயப்படுகிற அர்த்தம் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க வேண்டுமானால் போதிய கவனத்தோடு ஓட்டியதை லாரி டிரைவர் காட்ட வேண்டும்.

நஷ்டஈடு தீர்ப்பாயத்தில், அதாவது லாரி தரப்பிடம் நஷ்டஈடு கேட்டு நீங்கள் மனு போடும் இடத்தில், பார்வை இன்னும் வேறு. அங்கே குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே போதும். கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலை ஆனாலும் உங்கள் நஷ்டஈடு தானாகப் போய்விடாது.

இன்சூரன்ஸ் பாலிசிகளில் இதற்கு நான்காவது ஒரு அர்த்தம். உங்கள் கணவர் தன் சொந்த வண்டியைத் தானே ஓட்டியதால், அந்த வண்டியின் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டியிருந்தால் 15 லட்ச ரூபாய் உண்டு, உரிமம் செல்லுபடியாகும் நிலையில் இருந்திருக்க வேண்டும். பேங்க் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்று இருந்தால் இன்னும் 2 லட்சம், அதை இந்த வாரமே பேங்க்கில் கேளுங்கள். இந்தத் தனிநபர் காப்பீடுகளில் யார்மேல் தப்பு என்ற கேள்வியே பெரும்பாலும் வராது, வெளிக்காரணத்தால் ஏற்பட்ட மரணமா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் போதையில் இருந்தாரா என்ற கேள்வி வரும். இவற்றை வாங்கினால் லாரி இன்சூரன்ஸிடம் கேட்பது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டும் தனித்தனி.

"குடிபோதையில்" என்று போட்டவர்கள்

போட்டோ எடுத்தவர்களை உள்ளே தள்ளலாமா என்று கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன், பொது ரோட்டில் நடந்த விபத்தைப் படம் எடுத்ததற்காக மட்டும் தண்டிக்க நேரடியான சட்டப்பிரிவு இல்லை. உதவாமல் படம் எடுத்தது மனசாட்சிக்கு விரோதம்தான், எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் அடிபட்டவருக்கு உதவி செய்தே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்வது சம்பந்தப்பட்ட வண்டியின் டிரைவருக்குத்தான், வேடிக்கை பார்த்தவருக்கு இல்லை. உரிமத்தைப் படம் எடுத்துப் போட்டவரை மற்றவர்களோடு சேர்க்காதீர்கள். அவர் நல்ல எண்ணத்தில் செய்தது, உங்களுக்குச் செய்தி வந்ததும் அவரால்தான், நாளைக்கு நேரில் பார்த்த சாட்சியாகவும் அவர் வரக்கூடும்.

இறந்தவரின் அந்தரங்க உரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியில் போனால் கதவு மூடியிருக்கும். ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்கு வராது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதா தொடர்பான ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் பெயரிலும் உங்கள் மகன் பெயரிலும் கேட்பதுதான் பலம். தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 1994-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே உதவும்.

ஆனால் படத்தின் மேல் எழுதிய அந்த வரிக்கு நேரடிச் சட்டம் இருக்கிறது. நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356-ஆவது பிரிவின் விளக்கத்திலேயே, இறந்தவரைப் பற்றிச் சொன்னதும் அவதூறாகலாம் என்று இருக்கிறது, அது உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும், குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் எண்ணத்தோடு சொன்னதாகவும் இருக்க வேண்டும். எண்ணத்தை நிரூபிப்பது லேசு இல்லை. அதனால் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, தவறு என்று தெரிவித்து, நீக்கச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் வைத்திருந்தால் எண்ணம் என்ன என்பது தானாகவே வெளியே வரும். போலீஸில் போய் இதற்கு எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னால் போட மாட்டார்கள், அவதூறுக்கு மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார்தான் வழி. அலைச்சல் உண்டு. என்னைக் கேட்டால் நீக்க வைப்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொண்டு உங்கள் சக்தியை நஷ்டஈடு வழக்கில் வையுங்கள் என்பேன், முடிவு உங்களுடையது.

அந்த வரிக்குப் பயப்படவும் வேண்டாம். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் ரசாயனப் பரிசோதனை முடிவும்தான் பேசும், வாட்ஸ்அப் வரி பேசாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால்தான் சட்டப்படி குடித்து ஓட்டிய குற்றம். அப்படியே ஏதாவது வந்தாலும், பின்னால் வந்து இடித்ததற்கு அது காரணமா என்ற கேள்வி தனியாக நிற்கும். ஆனால் இன்சூரன்ஸ் ஆள் கேட்டால் வீட்டில் யாரும், "எப்பவாவது குடிப்பாரு" என்கிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் எழுந்து போகச் சொல்லுங்கள்.

நீக்க வைக்கும் வழி

முதலில் ஆதாரம் எடுங்கள், பிறகு நீக்கச் சொல்லுங்கள். முகநூல் பதிவின் முகவரி, தேதி, பக்கத்தின் பெயர், அந்த வரி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். அப்புறம் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்படி அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். வாட்ஸ்அப்பில் அட்மினிடம் பேசுங்கள், அவர் நினைத்தால் குரூப்பில் எல்லாருக்கும் அழிக்க முடியும். அட்மின் என்பதற்காக மட்டும் அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, அதனால் மிரட்டுவதைவிட, பையன் பார்த்துவிட்டான் என்று சொல்லிக் கேட்பதே வேலை செய்யும். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய்விட்ட எல்லாவற்றையும் திரும்ப வாங்க முடியாது, இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நீங்களே போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். மகன் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால், அல்லது நீங்களே தாங்க முடியாமல் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நல்ல படங்களைக் கேட்டு வாங்குவது

முதலில் எடுத்தவரின் போனில் இருக்கிற மூலப் படம்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள் அல்லது கேபிள் போட்டு எடுங்கள். வட்டம் போடுவது, வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எதுவும் வேண்டாம். படம் எடுத்தவருக்குத்தான் அதன் பதிப்புரிமை, அதனால் பணிவாகக் கேளுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் சான்றிதழ் கேட்கிறார்கள். தீர்ப்பாயம் சாட்சிய விதிகளில் அவ்வளவு கறாராக இருக்காது என்றாலும் வாங்கி வைப்பது நல்லது.

போலீஸும் படம் எடுத்திருப்பார்கள். விபத்து விவரங்களைப் படத்தோடு பதிவேற்ற அவர்களுக்கு ஒரு செயலியே இருக்கிறது, சென்னை ஐஐடி உருவாக்கியது. எஃப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம், பார்வை மகசர் (சம்பவ இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன்னால் எழுதிய குறிப்பு), வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றை ஸ்டேஷனில் கேளுங்கள். காவல்துறை இணையதளத்தில் கட்டணம் கட்டியும் விபத்து வழக்கு ஆவணங்களை எடுக்கலாம்.

நஷ்டஈடு மனு போட 6 மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, இரண்டு போய்விட்டது. அதைத் தாண்டியவர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது, அதை நம்பி உட்காராதீர்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்பதால் தர்மபுரி கோர்ட்டே போதும், லாரி முதலாளி எந்த மாநிலமாக இருந்தாலும் சரி. 38 வயதுக்கு வருட வருமானத்தை 15-ஆல் பெருக்குவார்கள், சொந்தத் தொழில் செய்தவர் என்பதால் வருமானத்தில் 40 சதவீதம் கூட்டியும், அவருடைய சொந்தச் செலவுக்கு ஒரு பங்கு கழித்தும் கணக்கிடுவார்கள். அந்த வருமானத்தைக் காட்ட மண்டிச் சீட்டு, வாடகை பில், டீசல் பில், வண்டி லோன் தவணை எல்லாவற்றையும் தேடி எடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கமிஷன் பேசிக்கொண்டு வீட்டுக்கே வருகிற ஆட்களிடம் பேப்பர் எதையும் கொடுக்காதீர்கள்.

கடிதத்தின் கடைசியில், "கோர்ட்டில் அந்தப் படத்தை நான் பார்த்துத்தான் ஆகணுமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. மனுதாரராக நீங்கள் சாட்சி சொல்வது அவருடைய வேலை, வருமானம், குடும்பம் பற்றி. எப்படி நடந்தது என்பதை நேரில் பார்த்தவரும் விசாரணை அதிகாரியும் சொல்வார்கள், படங்களை அவர்கள் மூலமாகவே ஆவணமாகக் குறிக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் படத்தை உங்களிடம் நீட்டினால், நான் அந்த இடத்தில் இல்லை, எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதும். இதை வக்காலத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், அவர் அதற்குத் தகுந்த மாதிரி சாட்சிப் பட்டியலைத் தயார் செய்வார்.